மச்சானின் நேரலையும் நீ போட வேண்டாத கையெழுத்தும்

அன்பு மகள் அம்முக்குட்டிக்குச் சித்தப்பா எழுதுவது. நானும் உன் சித்தியும் இங்கே கை கால் சுகத்தோடு இருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, சிரித்த முகமாக இருக்கிறாய் என்று கேட்டால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். என் முட்டிவலி போய்விட்டது. டாக்டர் என் முட்டியைப் பார்த்துவிட்டு, இது இருபத்தைந்து வயசுக்காரன் முட்டி மாதிரி இருக்கிறதே என்று அசந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினார். நர்ஸைக் கூப்பிட்டது ஊசி போடத்தான் என்கிறாள் உன் சித்தி. அவளுக்கு என் பெருமை என்றைக்குப் பிடித்தது, போகட்டும்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு ஆற அமரப் படி. போன வாரம் கூரியரில் ஒரு பத்திரம் அனுப்பினேன் இல்லையா, நம் குத்துச்சண்டைக் கூடத்தை அடமானம் வைக்க உன் சம்மதம் கேட்டு, பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டு உடனே திருப்பி அனுப்பு என்று? போடாதே. போட்டுவிட்டாயென்றால் அனுப்பாதே. கூடத்தில் சரிபாதி உன்னுடையது, என் அண்ணன் உனக்கு விட்டுப்போனது. அதையும் சேர்த்து ஒரு ஆப் கம்பெனிக்காரன் கையில் கொடுக்க இருந்தேன். ஏன் கொடுக்க இருந்தேன், இப்போது ஏன் வேண்டாம் என்கிறேன் என்று எல்லாவற்றையும் எழுதுகிறேன், ஒரு வார்த்தைகூடக் கூட்டாமல்.

எல்லாம் உன் சித்தியின் தம்பியால், அதாவது என் மச்சானால் வந்தது. அவனை உனக்குத் தெரியும், நம் கூடத்தில் மைக் பிடித்துக்கொண்டு சிவப்பு மூலை நீல மூலை என்று கத்திக்கொண்டிருந்தவன். எப்படி மூச்சு விட்டுக் கத்த வேண்டும் என்பதையே நான்தான் அவனுக்குக் கற்றுக்கொடுத்தேன். பிறகு சிறகு முளைத்தது, பூட்டிக் கிடந்த சினிமா தியேட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்துச் சொந்தமாகச் சண்டை நடத்தப் போனான். நடத்தட்டும், நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இந்த வருஷம் ஆப் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டுவிட்டான், அவன் சண்டைகள் எல்லாம் போனில் நேரலையாக வருமாம். அதற்கு விளம்பரம் என்று பஸ்ஸுக்குப் பின்னால் அவன் மூஞ்சியை ஒட்டிவிட்டார்கள். நான் மார்க்கெட்டுக்குப் போகிற பஸ்ஸை முந்திக்கொண்டு அவன் மூஞ்சி போகிறது, கையைக் கட்டிக்கொண்டு, வாழ்நாளில் ஒரு குத்துகூட வாங்காத மூக்கோடு. என் மூக்கு மூன்று இடத்தில் உடைந்தது. குத்துச்சண்டைப் படத்துக்குப் பொருத்தமான மூக்கு எது என்று நீயே சொல். வீட்டுக்கு வந்தால் என் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "என்ன அத்தான், இன்னும் டிக்கெட்டைக் கிழிச்சுக்கிட்டே இருக்கீங்க, உலகமே உள்ளங்கைக்குள்ள வந்துடுச்சே" என்கிறான். சித்தி அவனுக்குப் புது டம்ளரில் காப்பி தருகிறாள், எனக்கு அதே விளிம்பு நசுங்கிய டம்ளர். கேட்டால், "அவன் விருந்தாளி, நீங்க யாரு" என்கிறாள். எனக்கு வயிறு எரிந்தது மகளே. படுத்தால் எரிந்தது, எழுந்தால் எரிந்தது. அந்த எரிச்சலுக்கு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டும் பார்த்தேன்.

ஆப் கம்பெனிக்காரர்களே என்னைத் தேடி வந்தார்கள் என்று போனில் உன்னிடம் சொன்னேன். அது உண்மைதான். அவர்கள் ஆபீஸ் வாசலில் நான் பல நாள் உட்கார்ந்திருந்த பிறகு, உள்ளே இருந்து ஒரு பெண் என்னைத் தேடி வெளியே வந்தாள். கண்ணாடிக் கதவு, கால் புதைகிற கம்பளம், நான் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள், அப்போது சாப்பாட்டு நேரம். தலையணை மாதிரி ஒரு ஒப்பந்தத்தைக் கையில் கொடுத்தார்கள். அதை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் நான் படித்தேன், நடுவில் இருந்ததைச் சித்தி படித்துச் சொன்னாள். முன்பணம் தருகிறார்கள், பெரிய பணம், ஆனால் கொடுத்த பணம் இல்லை. இத்தனை ஆயிரம் பேர் நமக்காகக் காசு கட்டிச் சந்தா சேர்ந்தால்தான் அது நம்முடையது, குறைகிற ஒவ்வொரு தலைக்கும் நாம் திருப்பித் தர வேண்டும், அதற்கு ஈடாகத்தான் கூடம். கேமரா, விளக்கு, இன்டர்நெட், வெளியே நிற்கிற வண்டி எல்லாம் நம் செலவு, அதற்கு முன்கூட்டியே டெபாசிட் வேறு. வருகிற வருமானத்தில் நம் பங்கு மூன்று மாதம் கழித்து வரும், ஆனால் சண்டை போடுகிறவனுக்கு நாம் அன்றைக்கே கொடுத்தாக வேண்டும். மூன்று வருஷத்துக்கு வேறு யாருக்கும் படம் தரக்கூடாது. அவர்கள் கடையை மூடிக்கொண்டு போய்விட்டாலும் நம் சண்டைப் படங்கள் அவர்களுக்கே சொந்தம். சித்தி எல்லாவற்றையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, "இதுல அவங்களுக்கு எங்கயாவது நஷ்டம் வருமான்னு தேடித் தேடிப் பார்த்துட்டேன், வரல" என்றாள். நான் கேட்கவில்லை. மச்சான் கையெழுத்துப் போட்ட அதே பேப்பர், அவன் போடலாம் நான் போடக்கூடாதா? இதுதான் என் கணக்கு, வேறு கணக்கே நான் போடவில்லை. பத்திரத்தை உனக்குக் கூரியரில் போட்டுவிட்டுத்தான் அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

போன சனிக்கிழமை மச்சானின் முதல் நேரலை. அவன் கொடுத்த பாஸை நான் வாங்கவில்லை, காசு கொடுத்து டிக்கெட் எடுத்துக்கொண்டுதான் போனேன். சட்டைப் பையில் கேமரா டெபாசிட்டுக்கு வைத்திருந்த பணம் முழுவதும் இருந்தது. ஆப் கம்பெனிப் பெண் அங்கே வருவாள், மச்சான் பார்க்கப் பார்க்க அவள் கையில் எண்ணி வைக்க வேண்டும் என்பது என் திட்டம். உள்ளே போனால் தியேட்டரில் ஆளே இல்லை. நாற்காலிகள் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கின்றன. கேமராக்காரன் இருந்த கொஞ்சம் பேரையும் ஒரே பக்கம் தள்ளி உட்காரச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தான், படத்தில் கூட்டம் தெரிய வேண்டுமாம். என்னைப் பார்த்ததும் ஐயா நீங்கள் முன்னால் வாருங்கள், உங்கள் முகத்தில் களை இருக்கிறது என்றான். என்னடா ஆயிற்று என்று டீ விற்கிறவனிடம் விசாரித்தேன். அவன் தலையில் அடித்துக்கொண்டு சொன்னான்.

நம் தொழிலில் ஓசி பாஸ் கொடுப்பது உனக்குத் தெரியும். முடிவெட்டுகிறவர், மெக்கானிக், மருந்துக்கடைக்காரர் என்று பார்க்கிறவருக்கெல்லாம் நீட்டுவோம். ஓசியில் வருகிறவன் விசில் அடிப்பான், டீ குடிப்பான், கூடவே காசு கொடுக்கிற ரெண்டு பேரை இழுத்து வருவான், கூடம் நிறைந்தால்தான் ரிங்கில் இருக்கிறவனுக்குக் கை ஓங்கும். இதுவும் நான் கற்றுக்கொடுத்த பாடம்தான். மச்சான் அதே பழக்கத்தில், ஆப்பில் இலவசமாகப் பார்க்கிற கூப்பனை நோட்டீஸ் மாதிரி அடித்து ஊர் பூராவும் கொடுத்துவிட்டான். சலூன் கண்ணாடியில் ஒட்டினான், பஸ் நிறுத்தத்தில் கொடுத்தான், டிக்கெட் எடுத்தவனுக்கும் கூடவே கொடுத்தான். டிக்கெட் எடுத்தவன் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துக் காசை வாங்கிக்கொண்டு வீட்டிலேயே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டான். காசு கட்டிச் சந்தா சேர்ந்தவன், பக்கத்து வீட்டுக்காரன் ஓசியில் பார்க்கிறானே என்று தன் சந்தாவை நிறுத்திவிட்டான். கம்பெனி கணக்கில் காசு கட்டியவன் மட்டும்தான் தலை, ஓசிக்காரன் தலையே இல்லை. பார்த்தவர்கள் லட்சம் பேர், எண்ணிக்கைக்கு வந்தவர்கள் ஒரு பஸ்ஸில் உட்கார்ந்துவிடுவார்கள். கேட்டதும் எனக்குக் காது வரைக்கும் சிரிப்பு. மகளே, உன்னிடம் மறைப்பானேன், ஒரு டீக்கு ரெண்டு டீ வாங்கிக் குடித்தேன்.

கடைசிச் சண்டை, சுத்தியல் என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவோமே, அவனுடையது. நம் கூடத்தில் வளர்ந்தவன், இப்போது அதிகப் பணம் என்று அங்கே போயிருந்தான். என்ன சண்டை அது! கடைசி ரவுண்டில் அவன் விட்ட குத்தில் ரிங் கயிறே அறுந்து விழுந்தது, தளர்ந்தது என்று வைத்துக்கொள். எதிராளி விழுந்தான், மணி அடித்தார்கள், சுத்தியல் ஸ்டூலில் போய் உட்கார்ந்தான். அப்புறம் நடக்க வேண்டியது உனக்குத் தெரியும். நடத்துகிறவனே ரிங்கில் ஏறிக் கூலியைக் கையுறை மேல் வைத்து, தன் கையாலேயே மணிக்கட்டு டேப்பை வெட்ட வேண்டும். எவ்வளவு சின்னக் கூடமானாலும் இதை மாற்றியதில்லை. மச்சான் ஏறினான், கத்திரிக்கோல் இருந்தது, பணம் இல்லை. முன்பணம் முழுவதும் கேமராவுக்கும் விளக்குக்கும் போஸ்டருக்கும் போய்விட்டது, வாசலில் டிக்கெட் காசும் விழவில்லை. குனிந்து, "மூணு மாசத்துல வந்துடும்டா, பேப்பர்லயே இருக்கு" என்று காதில் சொன்னான். சுத்தியல் சத்தம் போடவில்லை. ரெண்டு கையுறையையும் மடியில் வைத்துக்கொண்டு, "பரவால்லண்ணே, வந்ததும் வெட்டுங்க, அதுவரைக்கும் இப்படியே இருக்கேன்" என்றான்.

அப்படியே இருந்தான் மகளே. கையுறைக் கையால் தண்ணீர் பாட்டிலைப் பிடிக்க முடியவில்லை. அவன் பெண்டாட்டி ரிங்கில் ஏறி வாயில் ஊற்றினாள், மூக்கைத் துடைத்துவிட்டாள், பிள்ளையைத் துடைப்பது மாதிரி. கேமராவை யாரும் நிறுத்தவில்லை. போனில் பார்க்கிற கூட்டம் ஏறிக்கொண்டே போகிறது, நிறுத்தாதே என்று கம்பெனிப் பெண் வண்டியிலிருந்து சொல்லிவிட்டாளாம். மச்சான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான், மூஞ்சியில் ரத்தமில்லை. நான் கீழே உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்தேன். அப்போது சுத்தியலின் பெண்டாட்டி என்னைப் பார்த்துவிட்டாள். "நீங்களும் அதே பேப்பர்லதான் கையெழுத்துப் போடப் போறீங்களாமே முதலாளி, அடுத்த தடவை உங்க இடத்துலயும் இவர் இப்படித்தான் உக்காரணுமா?" என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், எனக்கா பதில் கிடைக்காது? அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

ஏறினேன். முட்டியை மடக்கி ஒரே தாவல், பின்னால் ரெண்டு பேர் தூக்கிவிட்டார்கள். சட்டைப் பையில் இருந்ததைச் சுத்தியலின் கையுறை மேல் வைத்தேன், மச்சான் கையிலிருந்த கத்திரிக்கோலைப் பிடுங்கி டேப்பை வெட்டினேன். கை வீங்கி உள்ளே சிக்கிக்கொண்டு வரவே இல்லை, மெல்ல மெல்ல உருவ வேண்டியிருந்தது. கேமரா பார்க்கிறது என்பது எனக்கு நன்றாகவே தெரியும், முகத்தை அந்தப் பக்கம்தான் வைத்துக்கொண்டேன். மச்சான் மேடையில் மச்சானால் முடியாததை நான் செய்கிறேன் என்பது தேன் மாதிரி இனித்தது. மச்சான் "அத்தான்" என்றான். நான் ஒன்றும் சொல்லாமல் இறங்கிவிட்டேன், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக.

மறுநாள் அந்தப் படம் எல்லோர் போனிலும் ஓடுகிறது. கீழே மச்சான் கம்பெனி பெயர், ஆஹா எப்பேர்ப்பட்ட சண்டை, எப்பேர்ப்பட்ட மனிதநேயம் என்று அவனைப் பாராட்டுகிறார்கள்! என்னைக் கூட்டத்திலிருந்து எழுந்து வந்த ஒரு முதியவர் என்று போட்டிருக்கிறார்கள். முதியவராம்! பணம் என்னுடையது, பெயர் அவனுடையது. இந்த எரிச்சலுக்கு எந்தக் கடையில் மாத்திரை இருக்கிறது? அவனுக்கும் நிம்மதியில்லைதான். குறைந்த தலைகளுக்குப் பணம் கேட்டுக் கம்பெனி நோட்டீஸ் அனுப்பிவிட்டது, காரை விற்றுவிட்டான், வீட்டையும் ஈடாக எழுதிக்கொடுத்திருக்கிறான் என்பது இப்போதுதான் சித்திக்கே தெரியும். அவள் சமையலறையில் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காப்பி மட்டும் அவனுக்கு நுரை பொங்கக் கொண்டுவந்து வைக்கிறாள். அவனோ, "இன்னொரு நேரலை போட்டா எல்லாத்தையும் எடுத்துடலாம் அத்தான், உங்க கூடமும் சேர்ந்தா" என்று ஆரம்பிக்கிறான்.

இதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். நேற்று கம்பெனிப் பெண் எனக்கே போன் செய்தாள். அந்த முதியவரை ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, நீங்கள் கையெழுத்துப் போட்டால் உங்கள் முகத்தைத் தனியாகப் போஸ்டரில் போடுகிறோம், உங்கள் மச்சான் முகத்தைவிடப் பெரிதாக என்றாள். முடியாது என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டேன் என்று சித்தியிடம் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் உண்மையைச் சொல்கிறேன், எவ்வளவு பெரிதாக என்று கேட்டேன்.

அதனால்தான் போனில் சொல்லாமல் கைப்பட எழுதுகிறேன். அடுத்த வாரம் நானே கூப்பிட்டு, இது வேறு பேப்பர், இது நல்ல கம்பெனி, மச்சானுக்குத்தான் விவரம் போதாது என்பேன். உன் அப்பா இருந்திருந்தால் போட்டிருப்பார் என்பேன். அழுதாலும் அழுவேன், எனக்கு அழ நன்றாக வரும். நீ போடாதே. நான் கெஞ்சினால் போனை வைத்துவிடு, திட்டினால் சிரி. சித்தப்பாவை நம்பு என்று சொன்னால், இந்தக் கடிதத்தை எழுதின சித்தப்பாவைத்தான் நம்புவேன், போன் பண்ணுகிற சித்தப்பாவை இல்லை என்று சொல். உன் பாதி உன் கையில் இருக்கிறவரைக்கும்தான் என் பாதி எனக்கு.

ராத்திரி நெடுநேரம் கம்ப்யூட்டரைப் பார்க்காதே, வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே. நீ நூறு வருஷம் நோய் நொடி இல்லாமல், யாரையும் பார்த்து வயிறு எரியாமல், உன்னைப் பார்த்தும் யாரும் எரியாமல் நன்றாக இருக்க வேண்டும். சித்தி தன் ஆசீர்வாதத்தையும் சேர்த்து எழுதச் சொல்கிறாள். கூரியரில் வந்த பத்திரத்தை நாலாகக் கிழித்துவிட்டு மறக்காமல் ஒரு வரி போடு. எனக்குப் போடாதே, சித்திக்குப் போடு.

என்றும் உன் நலம் வேண்டும்,
உன் சித்தப்பா