படத்துக்குக் கீழே எழுதிய பெயர்

13 நவம்பர் 2006, திங்கள்
காலையிலிருந்து தூறல். மலை தெரியவில்லை. நூலகத்தின் பழைய ஊர்ப் படங்கள் இன்று இணையத்தில் ஏறிவிட்டன. இனி எந்த ஊரிலிருந்தும் யாரும் பார்க்கலாம். ஆறு மாதமாக ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து, கீழே பெயரும் ஊரும் எழுதியது நான். பேர் போட்டதுதான் சிறப்பு என்றார் நூலகர் சார். எல்லாருக்கும் பஜ்ஜி.
வாங்க: சோப்பு, பல்பு, அம்மாவுக்கு பி.பி. மாத்திரை.

15, புதன்
ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, அமைதியான பேச்சு. கையில் பிரவுசிங் சென்டரில் எடுத்த பிரிண்ட். 1990-ல் வேங்கிக்காலில் நடந்த எழுத்தறிவு வகுப்பின் படம், சிலேட்டோடு பெண்கள். இரண்டாம் வரிசையில் விரல் வைத்தார்.
"இது என் சம்சாரம். பதினாறு வருஷமா தேடுறேன். பேர் போட்டிருக்கீங்களே, எங்க இருக்காங்கன்னு தெரியும் இல்ல?"
தெரியாது என்றேன். பொய். மல்லிகா அக்கா சனிக்கிழமை தோறும் புத்தகம் எடுக்க வருபவர். செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல். இந்தப் படத்தைக் காட்டியபோது, இது நான்தான் என்று சிரித்தார். எழுதிக்கொண்டேன். ஊர் உலகமே பார்க்கும் என்று சொல்லவில்லை. அக்காவின் இடது காது மடல் கிழிந்திருக்கும். ஏன் என்றும் கேட்டதில்லை.
உறுப்பினர் பதிவேடு மேஜையில் திறந்தே கிடந்தது, முகவரிகளோடு. பேப்பரை இழுத்து அதன்மேல் போட்டேன். நான் மறைத்ததைப் பார்த்திருப்பார்.

16, வியாழன்
மறுபடி அவர். காலையிலிருந்து சாயங்காலம் வரை பத்திரிகைப் பிரிவில். ஒரே பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு வாசலையே பார்க்கிறார். போகும்போது என் வீடு எந்தத் தெரு என்று கேட்டார், சிரித்துக்கொண்டே. பதிவேட்டை பீரோவில் பூட்டினேன். பெயரை எடுக்கச் சொல்லி, தளத்தைப் பார்த்துக்கொள்ளும் சென்னை ஆபீசுக்கு சார் போன் செய்தார். இரண்டு மூன்று நாள் ஆகுமாம். வேறு வழியாகச் சுற்றி வீட்டுக்கு.

17, வெள்ளி, நூலக விடுமுறை
ஆட்டோவில் செங்கம் ரோடு. பல முறை திரும்பிப் பார்த்தேன். அக்கா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். சொன்னேன். கத்தி நின்றது. தப்பு என்னுடையது என்றேன். திட்டவில்லை. அவர்கூட வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டார். கொஞ்ச நாள் வேறு ஊருக்குப் போய்விடுங்கள் என்றேன்.
"எங்கம்மா போறது? பொண்ணு நர்சிங் மொத வருஷம். அப்ப கைக்குழந்தை, தூக்கிக்கிட்டு ஓடிட்டேன். இப்ப தூக்க முடியுமா?"
அடுப்பை அணைத்தார். முகம் கழுவினார். இருவருமாக மகளிர் காவல் நிலையம். புகாரை நான் எழுதித் தருகிறேன் என்றேன். பேனாவை வாங்கிக்கொண்டு அவரே எழுதினார். ஒன்றரைப் பக்கம்.

18, சனி
அதே நாற்காலியில் அவர். பதினொரு மணிக்கு அக்கா, மகள், கூட ஒரு பெண் போலீஸ். அக்கா நேராக அவர் எதிரில் போய் நின்றார்.
"வீட்டுக்கு வா, மல்லிகா." இவ்வளவுதான் சொன்னார், மெதுவாக. அந்த மெதுவான குரல்தான் எனக்கு பயம்.
அக்கா தலைமுடியை ஒதுக்கி, காதை மகளுக்குக் காட்டினார்.
"எப்படி கிழிஞ்சுதுன்னு கேட்டுக்கிட்டே இருப்பியே. இவர்தான். தோட்டோட புடிச்சு இழுத்தாரு."
மகள் அவரைப் பார்த்தபடியே நின்றாள். அவர் பேப்பரை மடித்தார். மடிக்க வரவில்லை. போலீஸ் கூட்டிப்போனார். இனி இந்தப் பக்கம் வரமாட்டேன் என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தாராம்.

19, ஞாயிறு
பிரவுசிங் சென்டர் போய்ப் பார்த்தேன். நம் நூலகத் தளத்தில் பெயர் இல்லை. ஆனால் யாரோ அந்தப் படத்தை நகலெடுத்து வேறொரு தளத்தில் பெயரோடு போட்டிருக்கிறார்கள். யாருக்கு எழுதிக் கேட்பது? மற்ற படங்களிலும் பெயர்கள். ஒருவரிடமும் சம்மதம் கேட்கவில்லை நான்.
திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் அவர். வேலூர் பஸ், ஜன்னலோரம். தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். பஸ் கிளம்பி, திரும்பி, மறைந்தது. வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. வழியில் இறங்கித் திரும்பி வந்துவிடுவாரோ என்று, வேலூரிலிருந்து அடுத்த பஸ் வரும்வரை அங்கேயே நின்று, இறங்கிய ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன்.