ஐஸிலை பத்து வருசம் கிடக்குமோ?

லவீனா பிள்ளைக்கு,

சோறும் பாரை மீன் குழம்பும் மூடி வைச்சிருக்கிறன். டொக்டரைச் சந்திக்கப் போக முந்திச் சாப்பிடு.

உனக்குப் புற்றுநோய் மருந்து ஏத்த முதல் கருமுட்டையை எடுத்து உறைய வைக்கவேணும் எண்டு நீ சொல்ல, "கலியாணம் கட்டாத பிள்ளைக்கு உது என்னத்துக்கு?" எண்டு நேற்றுக் கத்திப்போட்டன்.

விடிய, மீன் பெட்டிக்கு ஐஸ் உடைக்கேக்கைதான் ஒரு யோசனை வந்தது. ஐஸிலை போட்ட மீனே ஒரு கிழமையிலை குழைஞ்சுபோகுது. கருமுட்டையை மட்டும் எப்பிடிப் பத்து வருசம் பழுதாகாமல் வைக்கினம்? டொக்டரிட்டைக் கேட்டு, இந்தத் தாளின்ரை பின்பக்கம் எழுதி வை. நேரே கேக்க எனக்கு வெக்கம்.

அப்பா

கதவைப் பூட்டின திறப்பு பூச்சாடிக்குக் கீழை.

எழுத மறந்துபோனன்: பத்து வருசத்திலை எனக்கு அறுபத்துமூண்டு வயசு. அப்பவும் ஒரு பேரப்பிள்ளைக்கு நீந்தப் பழக்கலாம்.