வடக்குப் பக்கத்துச் சாம்பல்

ஏப்ரல் 13, 2025, ஞாயிறு

மத்தியானம் சாப்பிடேக்கை அண்ணா சொன்னார், "இந்தச் சம்மருக்கு வீட்டுக்கு வெளிப்பெயின்ற் அடிக்கவேணும்." பனி போனதும் முன்பக்கப் பலகைகளில் பழைய வெள்ளை செதில் செதிலாகக் கழன்று விழுகிறது. "ஆக்கள் வரேக்கை வெக்கமாக் கிடக்கு" என்றா கௌசி மச்சாள்.

எனக்குச் சந்தோசம். பதினொரு வருசமாகக் கடையில் பெயின்ற் கலந்து கொடுக்கிறேன். ஸ்காபரோவில் எத்தனை வீட்டுச் சுவர் என் கையால் நிறம் எடுத்திருக்கிறது! நான் இருக்கிற வீட்டுக்கு மட்டும் இன்னும் ஒரு வாளி கலந்ததில்லை.

இது நூறு வருசப் பழைய வீடு. கிராஃப்ட்ஸ்மன் வீடு என்பார்கள். பதிந்த கூரை, அகலமான இறவாரம், முன்போர்ச்சில் அடி பருத்து மேலே ஒடுங்கும் தூண்கள், முகப்பு நிறைய மரச்செதிள். இதற்கு மண், இலை, மரப்பட்டை நிறங்கள்தான் பொருந்தும். சுவருக்கு ஒன்று, சட்டங்களுக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று.

ஏப்ரல் 19

ஒலிவ் பச்சை, வெண்ணெய் நிறம், செங்கல் சிவப்பு. மூன்று சின்ன டப்பாவில் கலந்து, பலகைத் துண்டுகளில் பூசி, போர்ச்சில் சாத்தி வைத்தேன். காலையில் பார்த்தேன், மத்தியானம் பார்த்தேன், பொழுதுபடேக்கையும் பார்த்தேன். வீட்டு முகம் வடக்கே. நேர் வெயில் விழாது. அந்த வெளிச்சத்தில் சாம்பல் நிறம் நீலமாகிப் போகும். பச்சைக்கு ஒன்றும் ஆகாது, இன்னும் ஆழமாகும்.

கடையில் என்னோடு நிற்கிற ஜூலிக்குப் படம் காட்டினேன். "நிலாணி, இது உன்னுடைய வீடா?" என்று கேட்டாள்.

ஓம் என்றேன்.

ஏப்ரல் 27

எல்லோரும் மேசையில் இருந்து கதைத்தார்கள். என் பலகைகளை நடுவில் வைத்தேன். மச்சாள் ஒரு தரம் பார்த்துவிட்டு போனை எடுத்தா. விட்பியில் அவவின் தங்கச்சி வாங்கிய புது வீடு. கரிச்சாம்பல் சுவர், வெள்ளைச் சட்டம், கறுப்புக் கதவு.

"இதுதான் இப்ப எல்லாரும் அடிக்கினம்."

அது வேற மாதிரி வீடு மச்சாள், அதுக்கு வெயில் விழுது, எங்கட முகப்பு வடக்கு, உந்தச் சாம்பல் இஞ்ச நீலமாத்தான் தெரியும் — சொல்லி முடிக்க முதல் துர்க்கா சிரித்தாள். அண்ணாவின் மகள், பத்தொன்பது வயது. நான் குளிப்பாட்டித் தலை இழுத்த பிள்ளை.

"மாமி, யூ லிவ் இன் த பேஸ்மன்ற். வெளியில என்ன கலர் எண்டு உங்களுக்கு மாற்றரே பண்ணாது, ரைற்?"

உண்மைதான், என் அறை நிலத்துக்குக் கீழே. வேணுமென்று சொல்லவில்லை அவள். அதுதான் கூடச் சுட்டது. அண்ணாவைப் பார்த்தேன். அவர் மீன்முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு தலை நிமிர்த்திச் சொன்னார், "பெயின்ற்றை நிலாவின்ர கடையிலயே எடுப்பம். அவளுக்குக் கழிவு விலையில குடுப்பினம்தானே."

மே 3

பலகைகளைக் காணவில்லை. மச்சாள் அவற்றைத் தக்காளிக் கன்றுக்கு முண்டு கொடுத்திருக்கிறா.

மே 17, சனி

பெயின்ற் அடிக்கிற அமிர்தநாதர் அண்ணை வந்தார். வெள்ளைத் தாடி, ஏணி கட்டிய வான் வண்டி. தூணைத் தட்டிப் பார்த்து, "அருமையான மரம். இதுக்குப் போய்க் கரிச்சாம்பலோ?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்க முதல் அண்ணா, "ஓம் அண்ணை, முடிவெடுத்தாச்சு" என்றார்.

படிவத்தில் வீட்டுக்காரர் பெயர் எழுதவேண்டும். "ஆரின்ர பேரில வீடு?"

"பிரியந்தன், கௌசி. நாங்கள் ரெண்டு பேர்தான்" என்றார் அண்ணா.

தேத்தண்ணித் தட்டத்தோடு பக்கத்தில்தான் நின்றேன். வீடு வாங்கேக்கை நான் கனடாவுக்கு வந்து ஒரு வருசம். "உன்ர பேரைப் பிறகு போடுவம்" என்றார் அண்ணா. பதினாறு வருசம். என் சம்பளத்தில் பாதி ஒவ்வொரு மாசமும் இந்தச் சுவருக்குள் போனது. நான் ஒருநாளும் கேட்கவில்லை. கூடப்பிறந்தவரிடம் என்னத்தைக் கேட்கிறது?

கேட்டிருக்கலாம். பயத்தில்தான் கேட்கவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால் பிறகு எங்கே போறது?

மே 29

இன்றைக்கு நானே கலந்தேன். பன்னிரண்டு கலன் கரிச்சாம்பல்.

வாளிகள் ஒவ்வொன்றாக மெசினில் குலுங்க, பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்சம் மண்ணிறம் கூட்டினால் நீலம் அடங்கியிருக்கும். ஆருக்கும் வித்தியாசம் தெரியாது, வீடும் தப்பும். தெரியாத எத்தனையோ சனத்துக்கு அப்படிச் செய்து கொடுத்திருக்கிறேன் — "உங்கட வீடு எந்தப் பக்கம் பாக்குது?" என்று கேட்டு.

கூட்டவில்லை. சூத்திரத்தில் இருந்ததைத் துளி பிசகாமல் கலந்து, மூடியை இறுக்கி, பெயர் எழுதி ஒட்டினேன். பிரியந்தன்.

ஏன் கூட்டவில்லை? இந்தக் கேள்வியை இதோடு விடுகிறேன்.

ஜூன் 8

அடித்து முடிந்தது. நீலம். ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி. மச்சாள் றோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தா. அயல் வீட்டு வேரோனிக்கா நாயோடு போனவ, "ஓ, நீலம் அடித்திருக்கிறீர்களா!" என்றா. மச்சாளின் முகத்தைப் பார்க்க எனக்குள்ளே ஒரு சந்தோசம் வந்தது. எழுத வெட்கம்தான். வந்தது.

ஜூன் 9

எழுதித்தான் ஆகவேணும்.

வேலையால வர மூண்டு பேரும் குசினியில நிக்கினம். மச்சாள் வாளி மூடியைத் தூக்கி மேசையில போட்டா.

"நீர் என்னத்தைக் கலந்தனீர்?"

"நீங்கள் கேட்ட நிறம்தான். நம்பர் அதிலயே இருக்கு."

"இப்பிடி வரும் எண்டு தெரிஞ்சுகொண்டுதானே தந்தனீர்?"

ஓம், தெரியும். ஏப்ரலிலயே சொன்னனான், ஒருத்தரும் கேக்கேல்லை. ஆனால் மே மாசம் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தனான்? கைப்பையைக் கதிரையில கொழுவினன்.

அண்ணா சொன்னார், "உன்ர எரிச்சலைக் காட்டிப்போட்டாய், நிலா. சோறு போட்ட வீட்டில."

சோறு போட்ட வீடு! பதினாறு வருசமா விடிய எழும்பி உலை வைச்சது நான். வேலையால வந்து கறி காய்ச்சினது நான்.

"சோறு ஆக்கினது ஆர் அண்ணா?"

துர்க்கா போனைப் பாத்துக்கொண்டு நிண்டாள். அடுப்பில பருப்பு அடிப்பிடிக்கிற மணம் வந்தது. வழமையா நான்தான் ஓடிப்போய் இறக்குவன். இண்டைக்கு ஓடேல்லை.

ஜூன் 10

நான் சமைக்கவில்லை. பீட்சா வந்தது. மூன்று பேருக்கு அளவாக.

ஜூன் 30

எக்ளின்ரன் பக்கம் ஒரு வாடகை அறை. பதினாலாம் மாடி. ஜூலி தன் காரில் வந்து பெட்டிகளை ஏற்றினாள். ஆறு பெட்டிதான், ஒரே தரத்தில் முடிந்தது.

அண்ணா போர்ச்சில் நின்று, "கோவத்தில போறாய். ரெண்டு கிழமையில வந்திடுவாய்" என்றார். இரு என்று சொல்லவில்லை. வீட்டுக் கதவுத் திறப்பை மட்டும் கேட்டு வாங்கினார்.

செப்டம்பர் 21

துர்க்காவின் மெசேஜ்: "மாமி, ஐ மிஸ் யுவர் குக்கிங்."

மூன்று தரம் வாசித்தேன். மாமியையும் மிஸ் பண்ணுகிறாளா என்று தேடித் தேடி வாசித்தேன். சாப்பாட்டோடு நின்றுவிட்டது.

வீட்டுக்கு மறுபடி பெயின்ற் அடிக்கவில்லையாம். பழகிவிட்டதாம்.

நவம்பர் 4, செவ்வாய்

கடையில் எல்லோருக்கும் புதுப் படிவம் தந்தார்கள். விலாசம் மாற்றி எழுதினேன். அதற்குக் கீழே, அவசரம் என்றால் அழைக்கவேண்டியவர். பேனை தன்பாட்டில் அண்ணாவின் நம்பரில் பாதி எழுதிவிட்டது. வெட்டினேன். வெட்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க இருந்தேன். இந்த ஊரில் முப்பது லட்சம் சனம். எனக்கு ஏதும் நடந்தால் அழைக்க ஒருத்தர் பெயர் வரவில்லை.

கடைசியில் ஜூலியிடம் போய், தயங்கித் தயங்கி, உன் பெயரைப் போடட்டோ என்று கேட்டேன்.

"இதைக் கேட்கவும் வேண்டுமா?" என்றாள். "என்னுடையதில் உன் பெயர்தானே இருக்கிறது. புருசன் விட்டுப்போன வருசம் மாற்றினேன். நான் சொல்லவில்லையா?"

சொல்லவில்லை. இரண்டு வருசம். நான் ஒரு ஆளுக்கு அவசரத்துக்கு என்று இருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

படிவத்தை எடுத்து வைத்து ஜூலி என்று எழுதினேன். அதற்கு மேல் எழுத வரவில்லை. இத்தனை வருசம் பக்கத்தில் நின்றவளின் முழுப்பெயரை இன்றைக்குத்தான் கேட்டேன்.