நீங்கள் தொட்டுப் பார்க்காத வெந்நீர் பாட்டில்

நர்சம்மாவுக்கு,

நேற்று உங்கள் தகரப் பெட்டியைத் திறந்தார்கள். மூடியைத் தூக்கியதும் ரசகற்பூர வாசனை முகத்தில் அடித்தது. வெள்ளைப் புடவைகளுக்கு நடுவே நீங்கள் போட்டு வைத்த உருண்டைகள் கரைந்து பட்டாணி அளவுக்கு ஆகியிருந்தன. ராணிப்பேட்டையிலிருந்து வந்த உங்கள் தம்பி புடவைகளையும் பைபிளையும் எடுத்துக்கொண்டார். அடியில் இருந்த காகிதக் கட்டைப் புரட்டிப் பார்த்து, "எல்லாம் இங்கிலீசு. எங்களுக்கு இன்னாத்துக்கு?" என்று மேரி நர்சின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

நீங்கள் காய்ச்சல் என்று படுத்தீர்கள். ஒன்பதாம் நாள் நீங்கள் இல்லை. அந்த அதிர்ச்சியே எனக்கு இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. துணி அறைப் பக்கம் யாராவது செருப்பில்லாமல் நடந்து வந்தால் நீங்கள்தான் என்று நிமிர்ந்து பார்க்கிறேன். அதற்குள் இந்தக் காகிதம். எனக்கு இரண்டாம் வகுப்புப் படிப்புதான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனாலும் இதை உங்களுக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

துணி அறையில் உட்கார்ந்து மேரி நர்சு அந்தக் கட்டைப் பிரித்தார். "இது அக்கா அமெரிக்கா படிப்புக்கு எழுதி அனுப்பினது, கன்னிம்மா. ஆள் எடுக்கற கமிட்டிக்காரங்க திருப்பி அனுப்பியிருக்காங்க" என்றார். நான் போர்வை மடித்துக்கொண்டிருந்தேன். "படிங்க, கேக்கறேன்" என்றேன். உங்கள் குரலைக் கேட்கிற மாதிரி இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அந்தப் படிப்பைப் பற்றி நீங்கள் சொன்ன நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் கஞ்சிக் குண்டான் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னீர்கள். நர்சுகளை வைத்து ஒரு ஆஸ்பத்திரியை எப்படி நடத்துவது என்பதற்கே அமெரிக்காவில் பெரிய படிப்பு இருக்கிறதாம். கடைசி வரை படித்தால் பேருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாமாம். இந்தப் பக்கத்திலிருந்து ஒரு நர்சை அனுப்பப் போகிறார்களாம். சமையல்காரி சாலம்மா கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"மருந்து குடுக்காத டாக்டரா?"

"ஆமா சாலம்மா."

"நாடியும் புடிக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"அப்போ நோயாளிக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாரைத் திட்றது?"

"என்னைத்தான்" என்று சிரித்தீர்கள். "திட்டு வாங்கறதுக்குத்தான் அந்தப் படிப்பே."

நாங்கள் எல்லாரும் சிரித்தோம். நீங்கள் அப்படி ஆசைப்பட்டு ஒன்றைக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. மூன்று மாதம் வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து எழுதினீர்கள். உங்கள் வார்டில் நடந்த ஒரு தவறையும், அதை நீங்கள் எப்படிச் சரி செய்தீர்கள் என்பதையும் எழுத வேண்டும் என்று கமிட்டி கேட்டிருந்ததாம். அது அப்போது எனக்குத் தெரியாது. நேற்று மேரி நர்சு சொல்லித்தான் தெரிந்தது.

முதல் பக்கங்களில் வார்டு எப்படி இருக்கும், யாருக்கு எந்த வேலை, எந்த நேரத்துக்கு யார் மாறுவார்கள் என்று இருந்தது. மேரி நர்சு தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார்.

"இதுக்கு மேல வேணாம், கன்னிம்மா."

"ஏன்?"

"உன்னைப் பத்தி இருக்குது."

"நல்லதா, கெட்டதா?"

அவர் தாளை மடிக்கப் போனார். நான் போர்வையைக் கீழே வைத்தேன். "படிங்க" என்றேன்.

நர்சம்மா, ஒடுகத்தூர்க்காரிக்குக் கால் வெந்த கதை எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வயிற்றுக் கட்டிக்கு ஆப்பரேஷன் முடித்து அவளைத் தூக்கி வந்து கட்டிலில் போட்டார்கள். மயக்கம் தெளியவில்லை. உடம்பு சில்லிட்டுப் போகக்கூடாது என்று கால்மாட்டில் வெந்நீர் பாட்டில் வைப்போமே, அந்தச் சீமை மண் பாட்டில்கள். அதை நிரப்பித் துணி சுற்றி வைப்பது என் வேலை. சூட்டைத் தொட்டுப் பார்த்து ரெஜிஸ்டரில் எழுதுவது நர்சு வேலை. அன்றைக்கும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். இதமாக இருந்தது. வைத்தேன். அவள் கண் விழித்து அலறியபோது இரண்டு குதிகாலிலும் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கொப்புளம்.

"கார்க் சரியில்ல. வெந்நீர் கசிஞ்சிருக்கு" என்று நீங்கள் சொன்னீர்கள். பாட்டிலை எடுத்தபோது துணி உலர்ந்திருந்த மாதிரி எனக்கு ஒரு ஞாபகம் இருந்தது. ஆனால் நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அப்போதிருந்த மேட்ரனம்மா உங்களைக் கூப்பிட்டு மூடிய அறைக்குள் பேசினார்கள். நான் வெளியே நின்றேன். ஒரு வார்த்தையும் புரியவில்லை. நீங்கள் வெளியே வந்து, "போய் வேலையைப் பாரு" என்றீர்கள். அத்தோடு தீர்ந்தது என்று நினைத்தேன்.

அதற்கு நான்கைந்து நாள் கழித்து என்னைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டு, உங்கள் கையாலேயே காப்பி ஊற்றிக் கொடுத்தீர்கள். அப்போதுதான் கொதித்து இறக்கிய காப்பி. பித்தளை டம்ளர். ஆயாக்களுக்குக் காப்பி கொடுக்கிற வழக்கம் ஏது? எனக்குப் பெருமையாக இருந்தது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆறட்டும் என்று ஊதிக்கொண்டே உங்களோடு பேசிக்கொண்டிருந்தேன். நீங்கள் உங்கள் டம்ளரை முந்தானையால் பிடித்திருந்தீர்கள். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இவ்வளவு பிரியமாகப் பார்க்கிறாரே என்று நினைத்தேன்.

மறுநாள் என்னை வார்டிலிருந்து எடுத்துத் துணி அறையில் போட்டீர்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. "பந்தி பரிமாறினவளை எச்சில் இலை எடுக்கச் சொன்ன மாதிரி" என்று சாலம்மாவிடம் அழுதேன். உங்களோடு இரண்டு மாதம் பேசவில்லை. நீங்கள் துணி வாங்க வந்தால் எண்ணிக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அதற்குப் பிறகு ஆயா வேலைக்குப் புதிதாக யார் வந்தாலும் நீங்கள் முதலில் கையை நீட்டச் சொல்லிப் பார்ப்பீர்கள். இறகால் தடவுவீர்கள், வெந்நீர்க் கிண்ணத்தைத் தொடச் சொல்வீர்கள். "கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கறாங்க பாரு" என்று நான்தான் எல்லாருக்கும் கேட்கும்படி நக்கல் பண்ணினேன்.

நேற்று மேரி நர்சு படித்ததை அப்படியே எழுதுகிறேன். நீங்கள் எழுதியதுதான்.

"அந்தப் பாட்டிலை நான் தொட்டுப் பார்க்கவில்லை. இன்னொரு ஆப்பரேஷனில் நின்றிருந்தேன். ஆனால் நான் தொட்டுப் பார்த்ததாக ரெஜிஸ்டரில் எழுதினேன். எழுதாவிட்டால் அந்த ஆயாவை அன்றே வெளியே அனுப்பியிருப்பார்கள். அவளுக்குப் புருஷன் இல்லை. இரண்டு பெண் குழந்தைகள். அவள் ஒன்பது வயதிலிருந்து தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்த தோலில் மயிர் வழித்தவள். கொதிக்கிற காப்பி டம்ளரைக் கையில் கொடுத்துப் பார்த்தேன். சுண்ணாம்பில் மரத்துப்போன கைக்குச் சூடு தெரியவில்லை. அது அவளுக்கே தெரியாது. தப்பு அந்தக் கையில் இல்லை. அந்தக் கையைப் பார்க்காமல் அந்த வேலையில் வைத்த என்னிடம் இருக்கிறது."

மேரி நர்சு நிறுத்தினார். நான் என் கையைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. எதிரே அடுக்கி வைத்த தலையணை உறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே யாரோ பக்கெட்டை வைத்த சத்தம் கேட்டது. தூக்கிவாரிப் போட்டது.

என் கை. கார்க் இல்லை. என் கைதான்.

எனக்கு முதலில் ஞாபகம் வந்தது என்ன தெரியுமா? வேர்க்கடலை. ஒடுகத்தூர்க்காரி குணமாகிப் போன பிறகு ஒவ்வொரு கடலை அறுவடைக்கும் ஒரு பை வேர்க்கடலை எடுத்துக்கொண்டு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வருவாளே. பையை உங்களிடம் கொடுத்துவிட்டு, "ஆயாவுக்கும் ஒரு கை குடுங்கம்மா" என்பாள். நான் முந்தானையை ஏந்தி வாங்குவேன். உரித்துத் தின்றுகொண்டே அவளிடம் ஊர்க்கதை பேசுவேன். எத்தனை வருஷம் தின்றேன், நர்சம்மா. நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்.

கட்டின் மேலே ஒற்றைத் தாள் ஒன்று இருந்தது. கமிட்டியின் பதில். ரெஜிஸ்டரில் பொய் எழுதிய ஒருவரை ஆஸ்பத்திரி நிர்வாகம் படிக்க அனுப்ப இயலாது என்று இரண்டு வரி. மேரி நர்சு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த ஒரு பக்கத்தை எழுதாம விட்டிருந்தா அக்கா போயிருப்பாங்க. யாருக்குத் தெரியப் போவுது?" என்றார். எனக்கும் அதே கேள்விதான். வேறு தவறே நடக்கவில்லையா நம் வார்டில்? மருந்து மாறியது இல்லையா, கட்டிலிலிருந்து குழந்தை விழுந்தது இல்லையா? அதில் ஒன்றை எழுதியிருக்கலாமே.

இடம் கிடைக்கவில்லை என்று நீங்கள் வந்து சொன்ன அன்று, கறுப்பு நர்சு என்றுதான் தள்ளிவிட்டார்கள் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். நான் உங்கள் முகத்துக்கு நேராகவே சொன்னேன். "எங்க ஷாப்புல கூட பதம் பண்ணாத பச்சைத் தோல் வந்தா ஓட்டை இருக்குதான்னுதான் பாப்பாங்க. நெறத்தைப் பாக்க மாட்டாங்க." நீங்கள் சொன்னீர்கள்: "ஓட்டையைத்தான் பாத்துட்டாங்கன்னு வெச்சுக்கோ, கன்னிம்மா." நான் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். அன்று சாயங்காலம் வழக்கம் போல வார்டைச் சுற்றி வந்தீர்கள்.

இன்று காலை நான் இப்போதைய மேட்ரனம்மாவிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மாவுக்குத் தமிழ் பாதிதான் புரியும். மேரி நர்சு மீதியைச் சொன்னார். பழைய ரெஜிஸ்டரை மேல் தட்டிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். தூசி தட்டித் தேடினார்கள். உங்கள் எழுத்து, உங்கள் கையெழுத்து, அப்படியே இருந்தது.

"இப்போ உனக்கு இன்னா வேணும்?" என்று மேட்ரனம்மா மேரி நர்சு மூலம் கேட்டார்கள்.

"அவங்க பேரை எடுத்துட்டு என் பேரைப் போடணும்."

"ரெஜிஸ்டர்ல அடிக்கக் கூடாது. அடியில எழுதலாம்."

பேனாவைக் கொடுத்தார்கள். 'பாட்டில் சூடு பார்த்து வைத்தது நான். நர்சம்மா அப்போது வார்டில் இல்லை. கன்னியம்மா' என்று எழுதினேன். எழுத்து மேலும் கீழும் போயிற்று. மேட்ரனம்மா அதை மை ஒற்றும் தாளால் ஒற்றி எடுத்தார்கள். அவ்வளவுதான். என்னை வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. போகச் சொல்வார்கள் என்று நினைத்துத்தான் போனேன். துணி அறைச் சாவியைக்கூட இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கையில் வைத்திருந்தேன்.

வெளியே வந்ததும் எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது. செத்துப் போனவர் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். வந்துவிட்டது, என்ன செய்ய? என் கையைப் பற்றி என்னிடம் சொல்லாமல், ஊர் பேர் தெரியாத கமிட்டிக்காரர்களிடம் சொன்னீர்களே. என்னை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று நீங்களே தீர்மானம் பண்ணி, நீங்களே சுமந்து, நீங்களே விலையும் கொடுத்துவிட்டீர்களே. ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே. 'கன்னிம்மா, உண்மையைச் சொன்னா உனக்கு வேலை போவும், மறைச்சா ஒரு நாள் எனக்குக் கேடு வரும், இன்னா பண்ணட்டும்?' என்று.

நேற்றிலிருந்து அந்தக் கேள்வியை நீங்கள் கேட்கிற மாதிரி நானே கேட்டுப் பார்க்கிறேன். 'நான் போயிட்றேன் நர்சம்மா, நீங்க எனக்காகப் பொய் எழுத வேணாம்' என்று பதில் சொல்லப் பார்க்கிறேன். ஒரு தடவை வாய் வரைக்கும் வருகிறது. மறு தடவை, சின்னவளுக்கு அப்போது இரண்டு வயது என்று நினைவு வருகிறது. வேலை போனால் திரும்பிப் போக வேண்டிய ஷாப்பும், அங்கே சுண்ணாம்புத் தண்ணியில் புண்ணாகிக் கிடந்த என் காலும் நினைவு வருகிறது. உலர்ந்திருந்த அந்தத் துணியும் நினைவு வருகிறது. அதை அன்றைக்கே உங்களிடம் சொல்லாமல் விட்டவள் நான்தானே.

நான் என்ன சொல்வேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதனால்தான் கேட்கவில்லை போலிருக்கிறது. எனக்குத்தான் இன்னும் தெரியவில்லை. துணி எண்ணும்போது, நடக்கும்போது, இதை எழுதும்போது, அந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

கன்னியம்மா