கோப்பிக்குள் போட்ட சீஸ்

இன்று ஹவுகெட்டோ ஸ்டேசனடிக் கடையில் கரையாத வெள்ளைச் சீஸ் ஒரு துண்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து சின்னச் சின்னதாக வெட்டி, கொதிக்கக் கொதிக்க இருந்த கோப்பிக்குள் போட்டேன். அந்த மணம் எழும்பியதுமே நெஞ்சு பற்றி எரிந்தது. நீ கண்ணை மூடி மூன்று மாதமாகியும் இந்தக் கோபம் ஆறவில்லை.

ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் பதினெட்டு வருடம் நாம் பக்கத்தில் பக்கத்தில் நின்று விரிப்பு மடித்தோம். இடைவேளையில் எல்லோரும் போன பிறகுதான் நீ பையிலிருந்து சீஸை எடுப்பாய். கோப்பியில் ஊறவிட்டுக் கரண்டியால் அள்ளித் தின்பாய். முதல்முறை கண்டு நான் சிரித்தபோது, கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறந்தாய். இந்த நாட்டின் வடக்கில் பனிமான் மேய்த்த சாமிப் பழங்குடியில் பிறந்தவளாம் நீ. ஏழு வயதில் விடுதிப் பள்ளிக்கு ஏற்றிப்போய், தாய்மொழியில் தண்ணீர் கேட்டதற்கே சாப்பாடில்லாமல் மூலையில் நிற்க வைத்தார்களாம். உன் பெயரையும் மாற்றிவிட்டார்கள், பாவிகள்.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. என்ரை மகளுக்கே தெரியாது" என்று என் கையைப் பிடித்தாய். நான் ஓமென்றேன்.

பிறகு உனக்கு மறதி வந்து முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். அங்கேயும் காலைச் சாப்பாட்டுச் சீஸைக் கோப்பிக்குள் போட்டாய். தாதி கோப்பையை எடுத்துவிட்டாள். சாப்பாட்டோடு விளையாடுகிறார் என்று எழுதிவைத்து, மூடி போட்ட பிளாஸ்டிக் கோப்பையில் பழ யூஸ் தந்தார்கள். நீ ஏதோ கேட்டாய். உளறுகிறார் என்றார்கள். உன் வாயில் அடித்துப் பூட்டிய மொழி அது, அவர்களுக்கு உளறலாம்! நானோ கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு ஆறு கிழமை பேசாமல் இருந்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஏழாவது கிழமை நீ வெறும் மேசையில் இல்லாத சீஸை விரலால் அள்ளி அள்ளி வாயில் வைத்தாய். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அவ விளையாடேல்லை. அவ சாமி இனம். அவையள் கோப்பி குடிக்கிறதே அப்பிடித்தான்" என்று தாதியிடம் போய்ச் சொன்னேன்.

தாதி பைலைப் புரட்டிப் பார்த்து, அப்படி ஒன்றும் இதில் இல்லையே என்றாள். எப்படி இருக்கும்? ஆனாலும் அடுத்த நாளே சீஸ் வெட்டிக் கொண்டுவந்தாள். அதற்குள் உனக்கு விழுங்கும் பலம் போய்விட்டது. நான் பருக்கிய கோப்பி தாடையால் வழிந்தது.

இப்போது அரசாங்கம் மன்னிப்புக் கேட்கிறதாம். உங்கள் இனத்து உடுப்பை மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கவிட்டு லைட் போட்டிருக்கிறார்கள். யாருக்கு வேண்டும் அந்த வெளிச்சம்?

உன்னை அடக்கம் செய்த பிறகு எல்லோருக்கும் கோப்பி ஊற்றினார்கள். அத்தனை பேர் முன்னாலும் என் கோப்பைக்குள் சீஸைப் போட்டேன். உன் மகள் இதென்ன என்று கேட்டாள். ஒன்றும் விடாமல் சொன்னேன்.

"அம்மா ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்ல விடேல்லை, பிள்ளை."

இன்று அவள் லோறென்ஸ்கூக்கிலிருந்து வருகிறாள், கோப்பி குடிக்க. அவளுக்கு இந்தச் சீஸும் கொடுப்பேன், என் கோபத்தையும் கொடுப்பேன். இரண்டும் உன்னிடமிருந்து அவளுக்கு வந்திருக்க வேண்டியவை.