சோப்புப் போட்டு ஏற்றிய வளையல்

1961 பிப்ரவரி 12, ஞாயிறு.

போன வாரம் தம்பி மனைவி பார்வதிக்கு வளைகாப்பு. போன மாதம்தான் அளவு பார்த்து வாங்கிய வளையல்கள், கைக்குள் நுழையவில்லை. அம்மா சோப்பு நுரை தடவி ஏற்றினாள். கை வீங்கியிருக்கிறதே என்றேன்.

"தலைப்பிள்ளைக்காரி, பூரிச்சுப் போயிருக்கா. நீ கண்ணு வைக்காத" என்றாள்.

பார்வதி என் காதோடு சொன்னாள்: "காலையில இருந்து தலை வலிக்குது மதினி. கண்ணு மங்கலா இருக்கு."

நல்ல நாளில் ஆஸ்பத்திரியா என்று அம்மா குதித்தாள். நான் கேட்கவில்லை. சின்னாளபட்டியில் பஸ் ஏற்றித் திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோனேன். ரத்த அழுத்தம் ஏறிவிட்டது, விட்டிருந்தால் ஜன்னி கண்டு இரண்டு உயிரும் போயிருக்கும் என்றார் டாக்டரம்மா. அங்கேயே சேர்த்துக்கொண்டார்.

இன்று அம்மாவே உப்பில்லாக் கஞ்சியை ஆற்றி ஊட்டினாள். "இந்தச் சப்புக் கஞ்சிய எவ குடிப்பா" என்ற முணுமுணுப்பு மட்டும் ஓயவில்லை. அழுத்தம் இறங்கி வருகிறதாம். பிரசவம் இன்னும் இருக்கிறது. அதை இப்போது நினைக்கப் போவதில்லை.

நான் கிளம்பும்போது பார்வதி கையை ஆட்டினாள். அன்று கையோடு ஒட்டிக் கிடந்த வளையல்கள் கலகலத்தன. அம்மாதான் முதலில் திரும்பிப் பார்த்தாள்.