மொத வண்டி காலி வண்டி

என் தங்கையைக் கட்டிக்கொண்டு, என் கடையிலேயே ஓசி டீ குடித்துக் காலத்தை ஓட்டிய மாது மச்சானுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ சிரிப்பாய். நீ இருக்கும் இடத்துக்கு ரோடு உண்டா, ரோட்டுக்குக் கால்வாய் உண்டா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். கால்வாய் வெட்டிய மண்ணை அதே கால்வாயில் கொட்டிவிட்டுப் போகாத ஆட்கள் அங்கேயாவது இருக்கிறார்களா?

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். நீ நம் மலைக்கு ஜீப் ஓட்டியவன். காலையில் ஆட்களையும் சாமை மூட்டைகளையும் அடிவாரத்துக்கு இறக்குவாய். சாயங்காலம் பாப்பாரப்பட்டிச் சந்தையிலிருந்து எண்ணெயும் பருப்பும் என் கடைக்கு ஏற்றி வருவாய். ஜீப் நிற்கும் இடத்தில் கடை வைத்திருப்பதால் மலைக்கு யார் வந்தாலும் முதலில் என் முகத்தில்தான் விழிக்க வேண்டும். அப்படி வந்தவர்களின் யோக்கியதையைத்தான் உனக்கு எழுதப் போகிறேன்.

முதலில் உன் செய்தி. நீ எப்படிச் செத்தாய் என்று அரசாங்கத்துக்கு நன்றாகத் தெரியும் மச்சான். 'அதிக பாரம் ஏற்றியதால் விபத்து.' விசாரிக்க வந்தவர் என் கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதிக்கொண்டார். வளைவில் அத்தனை பேர் மூட்டையும் கையுமாக நின்றதாக யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அத்தனை பேரும் உன் ஜீப்பில்தான் வந்திருக்க வேண்டும், சாமி புண்ணியத்தில் குதித்துத் தப்பியிருக்க வேண்டும் என்று அவரே முடிவு கட்டிவிட்டார்.

"சார், வண்டியில ஒரு ஆளுங்கூட இல்லீங்க. நாங்க எல்லாம் பின்னால நடந்து வந்துக்கினு இருந்தோம்" என்றேன்.

"ஜீப் இருக்கும்போது எதுக்கு நடந்து வந்தீங்க?" என்றார்.

"மழ பேஞ்சுதுங்க."

"மழை பெஞ்சா எல்லாரும் வண்டியிலதானேய்யா ஏறுவாங்க?"

அதற்கு மேல் அவரிடம் என்ன பேசுவது? ஆளில்லாத ஜீப்பில் அதிக பாரம். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எழுந்து போய் டீ கிளாஸ் கழுவினேன்.

நம் மலையின் முறை அவருக்குத் தெரியாது. இரவு மழை பெய்தால், காலையில் இறங்கும் மொத வண்டி காலி வண்டி. நாவமரத்து வளைவு தாண்டும்வரை ஜனங்கள் பின்னால் நடப்பார்கள். வண்டி அந்தப் பக்கம் போய் நின்று ஹார்ன் அடித்தால் ஏறிக்கொள்வார்கள். கைக்குழந்தைக்காரி, கிழவன், கிழவி, யாராக இருந்தாலும் இதுதான். ஆடு கோழியைக்கூட இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டு நடப்போம்.

இதில் நமக்கு எவ்வளவு பெருமை! கீழே இருந்து வரும் சம்பந்திகளிடம் சொல்லிப் பீற்றிக்கொள்வோம். நினைத்துப் பார்த்தால் வாயில் எச்சில் ஊறுகிறது, துப்புவதற்கு. ஆட்டை இறக்கினோம், கோழியை இறக்கினோம், சாமை மூட்டை மண்ணோடு போய்விடும் என்று அதையும் தலையில் வைத்துக்கொண்டோம். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருக்கிறானே, அவனை மட்டும் மண் பிடிக்காது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடாவுக்காவது மஞ்சத்தண்ணி தெளித்து, தலையாட்டும்வரை காத்திருக்கிறோம்.

நீயும் லேசுப்பட்டவன் இல்லை. காலருக்குள் கர்ச்சீப்பைச் சொருகிக்கொண்டு, "வண்டி என்னுது, வழி முனியப்பனுது. நீங்க பொடி நடையா வாங்க" என்று சிரிப்பாய். அந்த வீராப்பைப் பார்த்து என் தங்கை பூங்கொடி தலையில் அடித்துக்கொள்வாள். வளைவில் ரோடு உன்னோடு இறங்கிய அன்றும் அதைச் சொல்லிவிட்டுத்தான் போனாய். நாங்கள் பொடி நடையாகத்தான் வந்தோம் மச்சான். வந்து பார்த்தபோது ரோடு பாதிதான் இருந்தது.

உனக்குப் பிறகு மலைக்கு ஞானோதயம் வந்தது. பேரிடர் மேலாண்மைப் பயிற்சி என்று பேனர் கட்டினார்கள். பேனரில் மலை இருந்தது, நம் மலை இல்லை; உச்சியில் பனி மூடிய ஏதோ ஒரு மலை. பயிற்சி கொடுக்க வந்த தம்பி, வெள்ளம் வந்தால் காலிக் குடத்தை வயிற்றில் கட்டிக்கொண்டு மிதப்பது எப்படி என்று செய்து காட்டினார். சித்திரையில் ஒரு குடம் தண்ணீருக்கு ஊற்றடியில் சண்டை போடும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உன் சித்தி மட்டும் எழுந்து, "தம்பி, கொடம் மெதக்கற அளவுக்குத் தண்ணி இந்த உச்சிக்கு ஏறி வந்துச்சின்னா, கீழ தர்மபுரியில நீங்கள்லாம் எங்கைங்க இருப்பீங்க?" என்று கேட்டாள். அந்தத் தம்பி அதற்குள் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

பள்ளிக்கூடத்து மேல் சைரன் ஒன்று வைத்தார்கள். அது கரண்டில் ஓடுவது. மழை இருட்டிக்கொண்டு வந்தாலே நம் மலையில் கரண்ட் போய்விடும் என்று சொன்னோம். "பேட்டரி வரும்" என்றார்கள். இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. எச்சரிக்கை எல்லாம் செல்லுக்கு வரும் என்றார்கள். ஆரஞ்சு அலர்ட் வருகிறது, வராமல் இல்லை. மழை விட்டு, டவர் வேலை செய்த பிறகு வருகிறது.

நாவமரத்து வளைவைத் திரும்பக் கட்டினார்கள். வளைவுக்குப் பெயர் கொடுத்த அந்த நாவல் மரத்தை, ரோட்டை அகலமாக்குகிறேன் என்று வெட்டினார்கள். பக்கக் கால்வாய் தோண்டிய மண்ணை அள்ளிக்கொண்டு போக லாரி வரவில்லை என்று அதே கால்வாயில் தள்ளி, மேலே சமமாகத் தட்டி, வெள்ளைக் கோடு போட்டார்கள். மழைத் தண்ணீர் வேறு எங்கே போகும்? ரோட்டைக் குறுக்கே கடந்து, வெளி ஓரத்தைத் தின்றுகொண்டு போகிறது.

இதை அதிகாரி ஒருவரிடம் கேட்டேன். அவர் மலையையும் வானத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "எல்லாம் கிளைமேட் சேஞ்சுங்க. உலகம் பூராவும் இப்படித்தான்" என்றார்.

மழை மாறிவிட்டது என்று எனக்கு அவர் வந்துதான் சொல்ல வேண்டுமா? சாமைக்கு ஆடியில் நாள் கணக்கில் நசநசவென்று தூறுமே, அது இப்போது இல்லை. விதைத்ததெல்லாம் கருகிய பிறகு, ஒரே சாயங்காலத்தில் ஆகாயம் பொத்துக்கொண்டு கொட்டுகிறது. பிறகு ஒரு மாதம் சொட்டு கிடையாது. அது உண்மைதான். ஆனால் கால்வாயில் மண்ணைக் கொட்டியது எந்த ஆகாயம்? முன்பெல்லாம் தவறு செய்தவன் தலைவிதி என்பான். இவர்களுக்கு அதைவிடப் பெரிய வார்த்தை ஒன்று கிடைத்துவிட்டது. தலைவிதி என்றாலாவது முகத்தில் கொஞ்சம் வெட்கம் தெரியும்.

அப்புறம் மினி பஸ் வந்தது. வாழைமரம் கட்டி, மாலை போட்டு, மைக்கில் உன் பெயரைச் சொல்லி, "இனி இந்த மலையில் ஒரு உயிர்கூடப் போகாது" என்று ஒருவர் பேசினார். நம் ஆட்கள் கை தட்டினார்கள். பூங்கொடியை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். அவள் கை இரண்டும் மடியிலேயே இருந்தன.

பஸ் வந்த கையோடு நம் ஜனங்களுக்குக் கௌரவமும் வந்துவிட்டது. மழை பெய்த காலையில் இறங்கி நடப்பதெல்லாம் ஜீப் காலத்து வழக்கமாம். டிக்கெட் எடுத்தவன் எதற்கு நடக்க வேண்டுமாம்? ஜன்னல் ஓர சீட்டு போய்விடும் என்ற கவலை வேறு. உன்னை முழுங்கிய வளைவில் உட்கார்ந்துகொண்டே போனார்கள். இந்த லட்சணத்தில், தாண்டும்போது முனியப்பனைக் கும்பிட்டுக்கொள்வார்கள். அவரும் எத்தனை பேரைத்தான் பார்ப்பார்?

இப்போது உன் மகள் விஷயத்துக்கு வருகிறேன். சந்தியா தர்மபுரியில் காலேஜ் படிக்கிறாள். முதல் பஸ்ஸில்தான் போக வேண்டும். உன் மூக்கு, உன் சித்திக்குள்ள அதே வாய். போன ஐப்பசியில் ஒரு ராத்திரி அப்படி ஒரு மழை. காலையில் நானும் சரக்கு எடுக்கக் கிளம்பி அதே பஸ்ஸில் ஏறினேன். நிற்க இடமில்லை. டிரைவர் காரிமங்கலத்துக்காரர், புதிதாக வந்தவர், யாருக்கும் கெடுதல் நினைக்காத மனுஷன்.

நாவமரத்து வளைவுக்கு முன்னால் சந்தியா எழுந்து, "அண்ணா, நிறுத்துங்க" என்றாள்.

"இங்க ஸ்டாப்பு கெடையாதும்மா" என்றார் கண்டக்டர்.

"ஸ்டாப்பு இல்லன்னா மழ நிக்குமாங்க? நிறுத்துங்க. வளைவு தாண்டற வரைக்கும் நாங்க நடந்து வரோம்."

பஸ்ஸுக்குள் ஒரே முனகல். "அப்பன் செத்த எடமில்ல, புள்ளைக்குப் பயம்" என்று ஒருத்தி உச்சுக்கொட்டினாள். "பயமுன்னா அது மட்டும் எறங்கட்டும். எங்களுக்குக் கீழ வேல இருக்குது" என்றான் பின் சீட்டில் ஒருவன். அவன் அன்று உன் ஜீப்புக்குப் பின்னால் என் பக்கத்தில் நடந்து வந்தவன். உயிரோடிருப்பதால் அவனுக்கு வேலை இருக்கிறது.

"பயந்தான்" என்றாள் சந்தியா. "ஒங்களுக்கு இல்லீங்களா?"

சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். நான் இறங்கினேன். கைக்குழந்தையோடு ஒருத்தி இறங்கினாள். அவளைப் பார்த்து வெட்கமோ பயமோ, ஒவ்வொருவராக முனகிக்கொண்டே இறங்கினார்கள். பின் சீட்டுக்காரன் கடைசியாக, ஜன்னல் ஓரத்தில் துண்டைப் போட்டு இடம் பிடித்து வைத்துவிட்டு இறங்கினான்.

டிரைவருக்கு யாரோ முறையைச் சொன்னார்கள். "மொத வண்டி காலி வண்டிங்க. நீங்க ஓட்டிக்கினு போங்க, அந்தாண்ட ஏறிக்கறோம்." அவரும் சரியென்று கியரைப் போட்டார். நம் ஜனங்கள் மூட்டையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு, பழையபடி பின்னால் நடக்கத் தயாராக வரிசை கட்டி நின்றார்கள். எவ்வளவு ஒழுங்காக நின்றார்கள் தெரியுமா? பேனர்காரத் தம்பி பார்த்திருந்தால் போட்டோ எடுத்திருப்பார்.

சந்தியா நடந்து போய் பஸ்ஸுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"டிரைவர் அண்ணா, நீங்களும் எறங்குங்க."

அவருக்குப் புரியவில்லை. எங்களுக்கும் புரியவில்லை மச்சான். "நான் எறங்கிட்டா வண்டிய ஆரும்மா ஓட்டறது?" என்றார்.

"வண்டி நிக்கட்டுங்க. மொதல்ல எல்லாரும் நடந்து போயி வளைவப் பாப்போம். நல்லா இருந்தா அப்பறம் ஓட்டுங்க. இல்லீன்னா வுடுங்க, வண்டி என்ன, வூட்டுக்கு வந்து சோறா கேக்கப் போவுது?"

அவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். எல்லோரும் வளைவுக்கு நடந்தோம். மேலே பார்த்தால் ரோடு ரோடாகத்தான் இருந்தது, வெள்ளைக் கோடுகூட அழியவில்லை. நான் வெளி ஓரமாகச் சரிவில் கொஞ்சம் இறங்கிப் பார்த்தேன். தாருக்கு அடியில் மண்ணே இல்லை. வெட்டிய நாவல் மரத்தின் வேர் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. டிரைவரும் இறங்கி வந்து பார்த்தார். பார்த்துவிட்டு மேலே ஏறி, ரோட்டு ஓரத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தோம், குடித்தார்.

பஸ்ஸைப் பின்னாலேயே எடுத்துப் போய் அகலமான இடத்தில் நிறுத்தினார். நாங்கள் மலை ஓரமாக ஒட்டி நடந்து அடிவாரம் போய்ச் சேர்ந்தோம்.

மறுநாள் அதிகாரி வந்தார். "பஸ்ஸை நிறுத்த உனக்கு யாரும்மா அதிகாரம் குடுத்தது?" என்று சந்தியாவைக் கேட்டார். இரண்டு அடுக்கு மணல் மூட்டை வைத்து, ஒரு குச்சியில் சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போனார். பத்திரிகைக்காரர் யாரும் வரவில்லை. வருவார்களா? யாரும் சாகவில்லையே. வளைவு இன்னும் அப்படியே நிற்கிறது. "விழவே இல்ல, அந்தப் புள்ள பேச்சக் கேட்டு ஒருநாள் கூலி போச்சி" என்று பின் சீட்டுக்காரன் என் கடையிலேயே உட்கார்ந்து அளக்கிறான். விழுந்திருந்தால்தான் அவனுக்குத் திருப்தி போலிருக்கிறது.

அன்று சாயங்காலம் பூங்கொடியிடம் நடந்ததைச் சொன்னேன். ராகிக் களியைக் கிண்டிக்கொண்டிருந்தவள், டிரைவரை இறங்கச் சொன்ன இடம் வந்ததும் துடுப்பை அப்படியே விட்டுவிட்டாள். அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள்.

"இந்த ஒரு வார்த்த சொல்றதுக்கு, அன்னைக்கு இந்த மலையில ஒரு வாயி இல்லாமப் போச்சேண்ணா."

களி அடிபிடித்துப் போயிற்று. அதையே தின்றோம்.

மச்சான், அந்த அதிகாரிகளை நான் மதிக்கப் போவதில்லை. பின் சீட்டுக்காரனுக்கு இனி என் கடையில் கடன் டீயும் கிடையாது. ஆனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். மழை பெய்த காலையில் கடையைத் திறக்கமாட்டேன். ரோட்டோரத்து மண்ணைக் குத்திப் பார்க்கக் கடப்பாரையோடு போய் நாவமரத்து வளைவில் நிற்பேன். மொத வண்டி வரும். டிரைவர் எவனாக இருந்தாலும், எவ்வளவு வீராப்புப் பேசினாலும், முதலில் அவனைத்தான் இறக்குவேன். ஆடு கோழியெல்லாம் அப்புறம்.

இனி எந்த வண்டிக்கும் பின்னால் நடக்காத,
உன் மச்சான்
அண்ணாமலை